விஸ்துலாக் கரையிலிருந்து அண்ணாமலைக்கு

உரைநடை உலகம்
உமாதேவி (வாண்டா டினோவ்ஸ்கா) வாழ்க்கை வரலாறு

நுழையும்முன்

ஒரு நாட்டின் பெயரை நிலப்படத்திலிருந்து நீக்கிவிடலாம். அதன் நகரங்களைத் தரைமட்டமாக்கலாம். மக்கள் தம் மொழியையும் நினைவையும் கைவிடாதவரை அந்நாடு முற்றும் அழிவதில்லை. போலந்து நாட்டின் வரலாறு இதற்குச் சான்றாகும். அந்நாட்டில் வேர்கொண்டு, தமிழ் மண்ணில் வாழ்ந்து, இரு நாட்டு இலக்கியங்களுக்கும் பாலமாக விளங்கிய பெண்மணி ஒருவரின் வாழ்க்கை இப்பாடத்தில் விவரிக்கப்படுகிறது. அவர் வாழ்வைப் பின்தொடர்ந்து செல்வோர் கிராக்கோவ், வார்சா முதலிய தொன்மையான நகரங்களையும், திருவண்ணாமலையையும் ஒருசேரக் காண்பர்.

நிலப்படத்தில் இல்லாத நாடு

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே, பால்டிக் கடலுக்கும் கார்ப்பேத்திய மலைத்தொடருக்கும் இடையே பரந்து கிடக்கும் சமவெளி நாடு போலந்து. அதன் தெற்கு மலைகளில் பிறக்கும் விஸ்துலா ஆறு கிராக்கோவ், வார்சா ஆகிய நகரங்களைத் தழுவி வடக்கே ஓடிக் கடலில் கலக்கிறது. ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரிய அரசுகளுள் ஒன்றாக விளங்கிய இந்நாட்டை உருசியா, பிரசியா, ஆசுத்திரியா ஆகிய மூன்று அரசுகளும் 1772 முதல் 1795 வரை படிப்படியாகக் கூறுபோட்டுக்கொண்டன. அதன்பின் 123 ஆண்டுகள் போலந்து என்னும் தனி நாடு உலக நிலப்படத்தில் இல்லை.

உருசியப் பேரரசின் தலைநகராக இருந்த பீட்டர்சுபர்க்கில் 1888-ஆம் ஆண்டு சூன் 30-ஆம் நாள் போலந்துக் குடும்பம் ஒன்றில் வாண்டா டினோவ்ஸ்கா பிறந்தார். இன்றைய லாட்வியா நாட்டின் கிழக்குப் பகுதியில் அவர் குடும்பத்திற்குப் பண்ணை நிலமும் வீடும் இருந்தன. பிறந்ததும் வளர்ந்ததும் உருசிய ஆட்சிப் பரப்பில். பேசியதும் எண்ணியதும் போலந்து மொழியில். அவர் பிறந்தபோது அவருடைய நாட்டுக்கு அரசும் இல்லை, எல்லையும் இல்லை. அது மொழியிலும் பாட்டிலும் வழிபாட்டிலும் மட்டுமே வாழ்ந்துகொண்டிருந்தது.

உருசிய ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளில் பள்ளிப் பயிற்று மொழியாக உருசியமே திணிக்கப்பட்டது. போலந்து வரலாற்றையும் இலக்கியத்தையும் வீடுகளில் மறைவாகக் கற்பித்தனர். பின்னாளில் இரு நோபல் பரிசுகளைப் பெற்ற மேரி கியூரி, 1867-இல் வார்சாவில் பிறந்தவர். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைபட்டிருந்த அந்நகரில், இடம் மாறி மாறி மறைவாக நடைபெற்ற வகுப்புகளில் அவர் பயின்றார். இத்தகைய சூழலில் வளர்ந்த தலைமுறைக்குத் தாய்மொழி நூல் ஒன்றைக் கையில் ஏந்துவதே நாட்டுப்பற்றின் அடையாளமாயிற்று. வாண்டாவும் அத்தலைமுறையைச் சேர்ந்தவர். நூல் என்பது ஓர் இனத்தைக் காக்கும் கருவி என்னும் எண்ணம் அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

அரசர்களோடு துயிலும் கவிஞர்கள்

போலந்து மக்கள் தம் மொழிக்கு எத்தகைய இடம் அளித்தனர் என்பதைக் கிராக்கோவ் நகரில் காணலாம். இந்நகரம் பல நூற்றாண்டுகள் போலந்தின் தலைநகராக விளங்கியது. விஸ்துலா ஆற்றின் வளைவில் எழும் வாவெல் குன்றின்மேல் அரண்மனையும் பேராலயமும் நிற்கின்றன. பேராலயத்தின் நிலவறையில் போலந்து அரசர்கள் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

நாடு பிரிவுண்டு கிடந்த காலத்தில், 1855-ஆம் ஆண்டு அயல்மண்ணில் மறைந்த மாகவிஞர் ஆதாம் மிக்கியெவிச்சின் உடல் எச்சங்கள் 1890-இல் பாரிசிலிருந்து கொண்டுவரப்பட்டு அதே நிலவறையில் வைக்கப்பட்டன. யூலியுசு சுவோவாட்ஸ்கி என்னும் மற்றொரு பெருங்கவிஞருக்கு 1927-இல் அதே சிறப்பு வழங்கப்பட்டது. முடியரசர் துயிலும் இடத்தில் பாவலரையும் துயில வைத்த நாடு அது. அரசர்கள் இழந்த நாட்டைப் பாவலர்கள் காத்தனர் என்னும் நன்றியுணர்வு அச்செயலில் வெளிப்பட்டது. புலவர்களை அரசர்கள் போற்றிய மரபை அறிந்த தமிழருக்கு இவ்வுணர்வு புதியதன்று.

குன்றிலிருந்து இறங்கி வந்தால் நகரின் பெரிய சதுக்கம். ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 200 மீட்டர் நீளமுள்ள இச்சதுக்கம் இடைக்கால ஐரோப்பாவில் அமைந்த மிகப் பெரிய சதுக்கங்களுள் ஒன்று. நடுவே பழைய துணி வணிகக் கூடம். ஒரு மூலையில் தூய மரியாள் ஆலயம். அவ்வாலயத்தின் உயர்ந்த கோபுரத்திலிருந்து மணிக்கு ஒருமுறை நான்கு திசைகளிலும் ஊதுகொம்பு இசைக்கப்படுகிறது. அவ்விசை நடுவிலேயே சட்டென நின்றுவிடும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தார்த்தாரியர் படையெடுத்து வந்தபோது, மக்களை எச்சரிக்க ஊதிய காவலனின் தொண்டையில் அம்பு பாய்ந்ததால் இசை அறுபட்டது என்பது வழிவழிக் கதை. அறுந்த இசையை அறுந்தவாறே இன்றுவரை ஊதி வருகின்றனர். 1364-இல் நிறுவப்பட்ட யாகியெல்லோனியப் பல்கலைக்கழகமும் இந்நகரில்தான் உள்ளது. ஞாயிற்றைச் சுற்றிப் புவி இயங்குகிறது என்று எடுத்துரைத்த கோப்பர்நிக்கசு அங்குப் பயின்றவர். அந்நகரின் பழைய பகுதியையும், அருகிலுள்ள வியலிச்கா உப்புச் சுரங்கத்தையும் யுனெசுகோ நிறுவனம் 1978-இல் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது.

வார்சாவிலிருந்து அடையாற்றுக்கு

முதல் உலகப் போர் முடிந்தபோது, 1918-ஆம் ஆண்டு நவம்பர் 11-இல் போலந்து மீண்டும் விடுதலை நாடாயிற்று. அப்போது வாண்டாவுக்கு வயது முப்பது. புதிய நாட்டில் செய்வதற்குப் பணிகள் மிகுதியாக இருந்தன. சமய வேறுபாடுகளைக் கடந்து மனிதர் அனைவரையும் உடன்பிறந்தாராகக் கருதும் நெறியில் அவர் உள்ளம் சென்றது. போலந்துப் பிரம்மஞான சபையை நிறுவி, அதன் முதல் பொதுச்செயலராகப் பணியாற்றினார். அச்சபையின் நூல்களைப் போலந்து மொழியில் பெயர்த்தார். அப்பணியின் வழியே உபநிடதங்களும் கீதையும் அவருக்கு அறிமுகமாயின.

பிரம்மஞான சபையின் உலகத் தலைமையகம் சென்னை அடையாற்றில் உள்ளது. அச்சபை 1875-இல் தோன்றியது. அதன் அறுபதாம் ஆண்டு நிறைவு நாளில், 1935-இன் இறுதியில், வாண்டா இந்தியாவுக்கு வந்தார். நாற்பத்தேழு வயதில் மேற்கொண்ட அப்பயணம் அவர் வாழ்வையே மாற்றியது. எஞ்சிய ஆண்டுகள் பெரும்பாலும் இந்திய மண்ணிலேயே கழிந்தன.

இந்தியா அப்போது அடிமைப்பட்டிருந்தது. அயலார் ஆட்சியின்கீழ்ப் பிறந்து வளர்ந்த வாண்டாவுக்கு இந்திய மக்களின் விடுதலை வேட்கையை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் காந்தியடிகளைச் சந்தித்தார்; அவருடைய பணிகளில் ஈடுபட்டார். கதராடை உடுத்தினார், உமாதேவி என்னும் பெயரை ஏற்றார். இந்தியர் பலரும் அவரை அப்பெயராலேயே அறிந்தனர்.

ஒளிமலையும் அருணமலையும்

திருவண்ணாமலைக்கு வருவோர் எத்திசையிலிருந்து வந்தாலும் முதலில் காண்பது மலையைத்தான். வடக்கே வேலூர்ச் சாலையில் உள்ள வேங்கிக்கால் போன்ற சுற்றூர்களில் நின்று பார்ப்பவருக்கும், நகரின் நடுவே 217 அடி உயரமுள்ள கிழக்குக் கோபுரத்தின் அடியில் நிற்பவருக்கும் அம்மலையே கண்ணை நிறைக்கும். மலையையே இறைவடிவாகக் கொண்டு, ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவை வெறுங்காலுடன் வலம் வருவது இங்குள்ள மரபு. கார்த்திகைத் திருநாளில் மலை உச்சியில் ஏற்றப்படும் பெருவிளக்கு பல ஊர்களுக்குத் தெரியும்.

போலந்து நாட்டிலும் இதனையொத்த மரபு ஒன்று உண்டு. செஸ்டகோவா என்னும் ஊரில் உள்ள குன்று யாஸ்னா கூரா எனப்படுகிறது. ஒளி பொருந்திய மலை என்பது அப்பெயரின் பொருள். 1382-இல் அங்கு நிறுவப்பட்ட துறவியர் மடத்தில் கருநிற மரியன்னையின் திருவுருவ ஓவியம் உள்ளது. ஒவ்வோர் ஆண்டும் ஆகத்து மாதத்தில் வார்சாவிலிருந்து அங்கு நடந்தே செல்லும் வழக்கம் 1711-ஆம் ஆண்டு தொடங்கியது. 1655-இல் சுவீடன் நாட்டுப் படை முற்றுகையிட்டபோது வீழாது நின்ற இடமாதலால், அம்மலை சமயச் சின்னமாக மட்டுமன்றி நாட்டுரிமைச் சின்னமாகவும் மதிக்கப்படுகிறது. மலையை நோக்கி நடத்தலே வழிபாடு என்னும் பண்பாட்டில் பிறந்த ஒருவருக்கு அண்ணாமலையின் வழிபாட்டு மரபு முற்றிலும் அயலானதன்று.

1930-களின் பிற்பகுதியில் உமாதேவி திருவண்ணாமலைக்கு வந்து இரமண மகரிசியைச் சந்தித்தார். பதினாறு வயதில், 1896-ஆம் ஆண்டு அண்ணாமலைக்கு வந்த மகரிசி, 1950-இல் மறையும்வரை அம்மலையை விட்டு நீங்காதவர். உலகின் பல நாடுகளைக் கடந்து வந்த பெண்மணி, ஓரிடத்தை விட்டு அகலாத ஒருவரின் முன் அமர்ந்தார். நான் யார் என்னும் வினாவை உள்ளே செலுத்தும் மகரிசியின் நெறியைப் பற்றித் தம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். இரமணாசிரமத்தில் நிகழ்ந்த உரையாடல்களைப் பதிவு செய்த குறிப்புகளில், இந்து சமயத்தைத் தழுவிய போலந்துப் பெண்மணி என அவர் குறிக்கப்படுகிறார்.

அதே ஆசிரமத்தில் அவருடைய நாட்டவர் மற்றொருவரும் இருந்தார். மோரிசு பிரீட்மேன் என்னும் அவர் யூதக் குடும்பத்தில் பிறந்த மின்பொறியாளர். மைசூர் திவான் மிர்சா இசுமாயிலின் அழைப்பை ஏற்று, பெங்களூரிலிருந்த அரசு மின்பொருள் தொழிற்சாலையில் பணியாற்ற இந்தியாவுக்கு வந்தார். துறவு பூண்டு பாரதானந்தர் ஆனார். காந்தியடிகளுக்காகப் புதிய நூற்புக் கருவிகளை வடிவமைத்தார். இன்றைய மகாராட்டிரத்தில் இருந்த ஔந்து என்னும் சிற்றரசில், ஊராட்சிகளிடம் அதிகாரத்தை ஒப்படைக்கும் அரசியலமைப்பு 1939-இல் உருவாவதற்கும் துணைநின்றார். மகரிசியின் உரையாடல்களை ஆங்கிலத்தில் தொகுத்து நூலாக்கியவர்களுள் அவரும் ஒருவர். உமாதேவியும் பிரீட்மேனும் பின்னாளில் இணைந்து ஆற்றிய பணிக்கு அண்ணாமலை அடிவாரம் உறவுக் களமாயிற்று.

தாய்நாட்டின் பிள்ளைகள்

உமாதேவி இந்தியாவில் இருந்தபோதே அவருடைய தாய்நாடு மீண்டும் வீழ்ந்தது. 1939-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-இல் மேற்கிலிருந்து செருமானியப் படையும், செப்டம்பர் 17-இல் கிழக்கிலிருந்து சோவியத்துப் படையும் போலந்துக்குள் புகுந்தன. கிழக்குப் பகுதியில் வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் சைபீரியாவுக்கும் நடு ஆசியாவுக்கும் நாடு கடத்தப்பட்டன. பசியாலும் குளிராலும் நோயாலும் பெற்றோரை இழந்த குழந்தைகள் மிகப் பலர்.

1942-இல் அவர்களுள் ஒரு பகுதியினர் ஈரான் வழியாக வெளியேறினர். அவர்களை ஏற்க முன்வந்த இடங்களுள் இந்தியாவும் ஒன்று. குசராத்துக் கடற்கரையிலுள்ள நவாநகர் அரசின் மன்னர் திக்விசய்சிங், தம் நாட்டின் பாலாச்சடி என்னும் ஊரில் ஏறத்தாழ ஆயிரம் போலந்துக் குழந்தைகளுக்கு இல்லம் அமைத்துக் கொடுத்தார். கோலாப்பூருக்கு அருகில் வளிவடே என்னுமிடத்தில் 1943-இல் அமைந்த முகாமில் ஏறத்தாழ 5000 போலந்து மக்கள் தங்கினர். பள்ளிகளும் ஆலயமும் மருத்துவமனையும் கொண்ட அம்முகாம் ஒரு சிறிய போலந்து நகரமாகவே விளங்கியது.

அம்முகாமுக்கு உமாதேவி சென்றார். புடவை உடுத்திய போலந்துப் பெண்மணி தம் மொழியில் பேசக் கேட்ட இளைஞர்களுக்கு அவர் வியப்பாகவே இருந்திருப்பார். தங்களுக்கு அடைக்கலம் தந்த நாட்டை அவர்கள் வெறும் தங்குமிடமாக எண்ணிவிடாமல், அதன் இலக்கியத்தையும் மெய்யியலையும் அறிந்துகொள்ள வேண்டும் என அவர் விரும்பினார். இந்தியப் பண்பாட்டைப் பற்றி அவர்களுக்கு எடுத்துரைத்தார். அகதியாக வந்தவர் பெறுவது உணவும் உறைவிடமும் மட்டுமாயின், அவர் என்றும் அயலாராகவே இருப்பார். அந்நாட்டின் சொற்களையும் பெற்றுக்கொண்டால் அவர் உறவினராகிறார். உமாதேவியின் பணிக்கு அடிப்படையாக அமைந்தது இவ்வெண்ணமே.

தெரிந்து தெளிவோம்

போலந்துக் குழந்தைகளைக் காத்த நவாநகர் மன்னரின் நினைவாக, வார்சா நகரில் ஒரு சதுக்கத்துக்கு நல்ல மகாராசா சதுக்கம் எனப் பெயரிடப்பட்டுள்ளது. அங்கு அவருக்கு நினைவுச்சின்னமும் எழுப்பப்பட்டுள்ளது.

அழிந்த நகரமும் அழியாத நூலும்

1944-ஆம் ஆண்டு ஆகத்து 1-ஆம் நாள் வார்சா மக்கள் செருமானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். வெளியிலிருந்து போதிய உதவி கிட்டாத நிலையிலும் 63 நாள்கள் போரிட்டனர். ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் உயிரிழந்தனர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், எஞ்சியிருந்த மக்கள் வெளியேற்றப்பட்டனர். தெருத்தெருவாகக் கட்டடங்கள் தீயிடப்பட்டும் வெடிவைத்தும் தகர்க்கப்பட்டன. நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் எரிந்தன. அரச மாளிகை வெடிவைத்து வீழ்த்தப்பட்டது. 1644-இல் நிறுவப்பட்ட சிகிசுமுந்து மன்னரின் வெற்றித்தூணும் சாய்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டே யூதர் குடியிருப்பு முற்றும் அழிக்கப்பட்டிருந்தது. போருக்குமுன் நகர மக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினராக இருந்த யூதருள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். போர் முடிந்தபோது நகரின் ஏறத்தாழ 85 விழுக்காடு இடிபாடாகக் கிடந்தது.

பல்லாயிரம் கல்தொலைவில் இருந்த உமாதேவியால் அந்நகரின் ஒரு செங்கல்லையும் காக்க இயலவில்லை. அவர் கையில் இருந்தது மொழி. குசராத்திக் கவிஞர் அரிச்சந்திர பட்டுடன் இணைந்து, போலந்துக் கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்புத் தொகுப்பு ஒன்றை 1944-இல் பம்பாயிலிருந்து வெளியிட்டார். வார்சாக் கிளர்ச்சியைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1946-இல் வெளிவந்தது. விடுதலைக்காகப் போராடிய இந்தியர், விடுதலையை இழந்த மற்றொரு நாட்டின் துயரை அந்நூல்களின் வாயிலாக அறிந்தனர்.

சென்னையில் ஒரு போலந்து நூலகம்

1944-ஆம் ஆண்டு உமாதேவி, பிரீட்மேனின் துணையுடன் சென்னையில் போலந்து–இந்திய நூலகம் என்னும் வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தியாவைப் போலந்துக்கும் போலந்தை இந்தியாவுக்கும் அறிமுகப்படுத்துவது அதன் நோக்கம். அவருடைய போலந்து மொழிப் பகவத் கீதை 1947-இல் வெளிவந்தது. இரமண மகரிசி, காந்தியடிகள் முதலியோரின் சிந்தனைகளும் போலந்து மொழியில் நூல்களாயின. இந்தியக் கவிதைகளைத் தொகுத்து அவர் பல தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றில் சமற்கிருதத்துடன் தமிழ் முதலிய இந்திய மொழிகளின் பாடல்களும் இடம்பெற்றன. 1958-இல் திருக்குறளும் உமாதேவியின் மொழிபெயர்ப்பில் போலந்து மொழி கண்டது. போதான் கெம்பார்ஸ்கி என்பார் 1977-இல் வெளியிட்ட மற்றொரு மொழிபெயர்ப்புக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னரே வள்ளுவம் விஸ்துலாக் கரையை அடைந்துவிட்டது.

இப்பணி எளிதாக இருக்கவில்லை. போலந்து மொழி உரோமானிய எழுத்துகளில் எழுதப்படினும், எழுத்துகளின் மேலும் கீழும் தனிக்குறிகளை உடையது. ஒரு குறி தவறினாலும் பொருள் மாறக்கூடும். அம்மொழி வழங்காத நகரில் அச்சுக்கோத்து மெய்ப்புத் திருத்துவது பெரும் பொறுமையை வேண்டும் செயல். செல்வம் சேர்க்காமல் எளிய வாழ்க்கை நடத்திய உமாதேவி, மொழிபெயர்ப்பாளராகவும் பதிப்பாளராகவும் இருந்து அதனைச் செய்தார். போருக்குப் பிந்தைய போலந்தில் நூல் வெளியீட்டின்மீது அரசின் தணிக்கை நிலவியது. அக்காலத்தில் இந்திய மெய்யியலை நாடிய போலந்து வாசகர்களுக்குச் சென்னையில் அச்சான அந்நூல்களே பெருந்துணையாயின. தாய்மொழி நூலை மறைவாகக் கற்ற தலைமுறையில் பிறந்தவர், முதுமையில் தம் மக்களுக்காக அயல்நாட்டில் நூல் அச்சிட்டார்.

மீண்டெழுந்த நகரம்

ஏறத்தாழக் கால் நூற்றாண்டு இடைவெளிக்குப்பின், 1960-இல் உமாதேவி போலந்துக்குச் சென்றார். அவர் விட்டுச்சென்ற வார்சா அழிந்திருந்தது. ஆயினும் அந்நகரின் பழைய பகுதி மீண்டும் எழுந்து நின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் பெர்னார்தோ பெலோட்டோ என்னும் ஓவியர் வார்சாவின் தெருக்களை நுணுக்கமாக வரைந்திருந்தார். அவ்வோவியங்களையும், கட்டடக்கலை மாணவர்கள் போருக்குமுன் வரைந்து, அழிவிலிருந்து காக்கப்பட்ட வரைபடங்களையும் துணைக்கொண்டு, இடிபாடுகளிலிருந்து எடுத்த கற்களையும் சேர்த்து மக்கள் நகரைக் கட்டினர். சிகிசுமுந்து தூண் 1949-இல் மீண்டும் நிறுத்தப்பட்டது. பழைய நகரச் சதுக்கம் 1953-இல் திறக்கப்பட்டது. இவ்வாறு மீட்டெழுப்பப்பட்ட நகரை யுனெசுகோ 1980-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

ஓவியத்தைப் பார்த்து நகரைக் கட்டிய அம்மக்களின் செயலும், மூலத்தைப் பார்த்து நூலை மீண்டும் படைக்கும் மொழிபெயர்ப்பாளரின் செயலும் ஒரே தன்மையன. மூலக் கல் வேறு. புதிய கல் வேறு. ஆயினும் வடிவும் நினைவும் ஒன்றே. மூலத்தின்மீது கொண்ட அன்பும் நுணுக்கமான கவனமும் இல்லாவிடில் இரண்டுமே நிறைவேறா.

தாய்நாட்டிலேயே தங்கிவிட உமாதேவி எண்ணவில்லை. இந்தியாவுக்குத் திரும்பினார். இங்கு அவருக்கு மற்றொரு கடமை காத்திருந்தது.

இமயத்தின் அகதிகள்

1959-இல் தலாய் லாமாவைத் தொடர்ந்து பல்லாயிரம் திபெத்தியர் இமயத்தைக் கடந்து இந்தியாவில் அடைக்கலம் புகுந்தனர். பெற்றோரை இழந்தும் பிரிந்தும் வந்த குழந்தைகள் அவர்களுள் பலர். போலந்துக் குழந்தைகளை வளிவடேயில் கண்ட உமாதேவிக்கு அக்காட்சி மீண்டும் நிகழ்வதாகவே இருந்தது. எழுபது வயதைக் கடந்திருந்த அவர் தரும்சாலாவுக்குச் சென்று, திபெத்தியக் குழந்தைகளின் நலனுக்காக உழைத்தார். போலந்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் அவர்களுக்கு உதவி திரட்டினார். திபெத்தியர் அவருக்கு டென்சின் சோட்ரன் எனப் பெயரிட்டனர். பிரீட்மேனும் திபெத்தியருக்குக் குடியிருப்பு நிலம் கிடைக்கத் துணைநின்றார். மைசூர் மாநிலத்தில் பைலகுப்பே முதலிய இடங்களில் திபெத்தியக் குடியிருப்புகள் உருவாயின.

தம் இறுதி நாள்களை உமாதேவி மைசூரில் கழித்தார். 1971-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள் அங்கேயே மறைந்தார். பைலகுப்பேயில் புத்த சமய முறைப்படி அவருக்கு இறுதிச் சடங்குகள் நிகழ்ந்தன. இடிந்து கிடந்த வார்சா அரச மாளிகையை மீண்டும் கட்டுவது என்னும் முடிவும் அதே ஆண்டில்தான் எடுக்கப்பட்டது. அவருடைய பணித்தோழர் பிரீட்மேன் பின்னர்ப் பம்பாயில் காலமானார்.

வாண்டாவாகப் பிறந்து, உமாதேவியாக வாழ்ந்து, டென்சின் சோட்ரனாகவும் அழைக்கப்பட்ட அப்பெண்மணி ஒரு நாட்டைப் பெறுவதற்காக மற்றொரு நாட்டைத் துறக்கவில்லை. தாய்மொழியை உறுதியாகப் பற்றிக்கொண்டதாலேயே பிறமொழிச் செல்வங்களை அவரால் தம் மக்களுக்கு வழங்க முடிந்தது. தம் இனத்தின் துயரை மறவாததாலேயே பிற இனத்தாரின் துயர் அவருக்கு உடனே விளங்கியது. உலகம் அனைத்தையும் தம் ஊராகக் கருதிய கணியன் பூங்குன்றனாரின் மண்ணில், அக்கருத்துக்கு ஏற்ப வாழ்ந்து காட்டியவர் அவர். குறளைப் போலந்துக்கு அனுப்பிய அக்கைக்குத் தமிழுலகம் கடப்பாடு உடையது.

சொல்லும் பொருளும்

நிலவறை – தரைக்கு அடியில் அமைந்த அறை
மெய்யியல் – தத்துவம்
மெய்ப்பு – அச்சிடுமுன் பிழை திருத்த எடுக்கும் படி
தணிக்கை – வெளியீடுகளை அரசு ஆராய்ந்து தடுக்கும் முறை
கடப்பாடு – நன்றிக்கடன்

கற்பவை கற்றபின்

1. உலக நிலப்படத்தில் பீட்டர்சுபர்க், கிராக்கோவ், வார்சா, சென்னை, திருவண்ணாமலை, தரும்சாலா, மைசூர் ஆகிய இடங்களைக் குறித்து, உமாதேவியின் வாழ்க்கைப் பயணத்தை வரைக.
2. உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள பழமையான கட்டடம் ஒன்றைப் பார்த்து, அது அழிந்தாலும் மீண்டும் கட்டுவதற்கு உதவும் வகையில் அதன் அமைப்பை நுணுக்கமாக எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ஆதாம் மிக்கியெவிச்சின் உடல் எச்சங்கள் வைக்கப்பட்டுள்ள இடம்
அ) வார்சா அரச மாளிகை ஆ) வாவெல் பேராலயம் இ) யாஸ்னா கூரா ஈ) வியலிச்கா
2. போலந்து–இந்திய நூலகம் தொடங்கப்பட்ட ஆண்டு
அ) 1935 ஆ) 1939 இ) 1944 ஈ) 1958

குறுவினா

1. யாஸ்னா கூரா என்னும் பெயரின் பொருள் யாது?
2. தூய மரியாள் ஆலயத்தின் ஊதுகொம்பு இசை நடுவில் நிற்பதற்கு வழங்கும் கதையைக் குறிப்பிடுக.

சிறுவினா

1. போலந்து அகதிகளுக்கு இந்தியா அடைக்கலம் தந்த வரலாற்றை எழுதுக.
2. வார்சாவின் பழைய நகரம் எவ்வாறு மீண்டும் கட்டப்பட்டது?

நெடுவினா

நகரை மீட்டெழுப்புவதும் நூலை மொழிபெயர்ப்பதும் ஒரே தன்மையன என்பதை உமாதேவியின் வாழ்வைக் கொண்டு விளக்குக.